வழுக்க வேண்டிய படலம் ஏன் ஒட்டுகிறது? அடுக்குப் படலங்களில் ஸ்லிப், நிலைமின்சாரக் கோளாறுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மூன்று அடுக்குப் பாலிஎத்திலீன் படலத்தை ஊதி எடுத்து, வெளிப்பக்கத்தில் கரோனா ட்ரீட்மென்ட் (மையும் பசையும் பிடிப்பதற்காகப் பரப்பில் மின்பாய்ச்சல் செலுத்துவது) கொடுத்து, அச்சிட்ட பெட் (PET, பாலியெஸ்டர்) படலத்தோடு ஒட்டி, மசாலாப் பொடிக்கான உறையாக அனுப்பும் தொழிற்சாலைகளுக்கு இரண்டு புகார்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ஒன்று, மெஷினில் படலம் வழுக்கவில்லை என்பது. மற்றொன்று, ஷாக் அடிக்கிறது, பொடி பறந்து ஒட்டிக்கொள்கிறது என்பது. முதல் புகாருக்கு ஸ்லிப் (வழுக்கவைக்கும் சேர்க்கைப்பொருள்) செறிவாக அடங்கிய குருணையான மாஸ்டர்பேட்ச்சை அரை சதவீதம் கூட்டுவதும், இரண்டாவதற்கு நிலைமின்சாரத்தைக் குறைக்கும் ஆன்டிஸ்டாட்டிக்கை அரை சதவீதம் கூட்டுவதும் வழக்கமாகிவிட்டன. என் அனுபவத்தில், அடுத்த மாதம் வரும் மூன்றாவது புகாரைப் பெரும்பாலும் அந்த அரை சதவீதமே உண்டாக்குகிறது. இரண்டு பொருள்களும் ஒரே பரப்புக்கு ஏறி வருகின்றன. ஒரே கரோனாவை மறைக்கின்றன. ஒரே பசைக்குள் இறங்கிப் போகின்றன. ஆகவே கீழ்க்காணும் அறிகுறிகளில் எதைப் பார்த்தாலும், அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று கேட்பதற்கு முன், போட்ட பொருள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும்.

அதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். 50 மைக்ரான் தடிமனும் 0.92 அடர்த்தியும் உள்ள படலம் சதுர மீட்டருக்கு 46 கிராம் இருக்கும். அதில் எருக்கமைடு என்ற அமைடு வகை ஸ்லிப் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) இருந்தால் சதுர மீட்டருக்கு 46 மில்லிகிராம், அதாவது பக்கத்துக்கு 23 மில்லிகிராம். மூலக்கூறுகள் நெருக்கமாக நின்று பரப்பை ஒற்றை வரிசையாக மூடுவதற்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் போதும். எனவே தடிமனான படலத்தில் சரக்குக்குப் பஞ்சமில்லை. அது மேலே வந்ததா, வந்தது அங்கேயே நின்றதா என்பதே கேள்வி. அதே பொருள் 20 மைக்ரான் படலத்தில் 500 பிபிஎம் இருந்தால் பக்கத்துக்கு 5 மில்லிகிராம்கூடத் தேறாது. அங்கே சிறிதளவு திசைமாறினாலும் பரப்பு வெறுமையாகிவிடும்.

எந்தச் சோதனையைத் தொடங்கும் முன்பும் மூன்று விவரங்களை ரோல் சீட்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்: படலம் ஊதப்பட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, அளப்பது எந்தப் பக்கம், அளக்கும் அறையின் வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு. இவை மூன்றும் இல்லாத உராய்வு எண்ணையோ மின்தடை எண்ணையோ வைத்து முடிவெடுப்பதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அறிகுறி: ஒட்டுவதற்கு முன் நன்றாக வழுக்கிய படலம், லேமினேஷன் (படலங்களை ஒட்டுதல்) முடிந்து க்யூரிங் (பசை இறுகும்) அறையிலிருந்து வந்ததும் வழுக்கவில்லை

மிக அதிகமாக வருவதும், மிகத் தவறாகக் கையாளப்படுவதும் இந்தக் கோளாறுதான். ஊதிய இரண்டாம் நாள் உள்பக்க உராய்வுக் குணகம் 0.18 என்று சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும். ஒட்டிய பின் அதே பக்கம் 0.4-ஐத் தாண்டும். பேக்கிங் மெஷினில் படலத்தை உறை வடிவில் வளைக்கும் ஃபார்மிங் காலரில் படலம் கீச்சென்று சத்தம் எழுப்பி இழுபடும். உறையின் நீளம் மாறி, கண்குறி (வெட்டும் இடத்தை மெஷின் கண்டறியும் அச்சுக்குறி) தவறி, அச்சு நடுவில் வெட்டுப்படும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தீர்வு வேறு வேறு என்பதால் இரண்டையும் பிரித்தறிவது அவசியம். முதலாவது வெப்பம். எருக்கமைடு பாலிஎத்திலீனோடு அரைகுறையாக மட்டுமே ஒத்துப்போகும். அந்த ஒவ்வாமையால்தான் அது வெளியே தள்ளப்பட்டு மேலே வருகிறது. வெப்பம் கூடும்போது பாலிஎத்திலீனுக்குள் அதன் கரைதிறனும் கூடும். க்யூரிங் அறையை, சீக்கிரம் முடியட்டும் என்று 45 முதல் 50 டிகிரி வரை ஏற்றி வைத்தால், மேலே பூத்திருந்த ஸ்லிப்பின் ஒரு பகுதி மீண்டும் உள்ளே கரைந்து போய்விடுகிறது. இரண்டாவது பசை. கரைப்பானற்ற பாலியூரித்தேன் பசை, அதிலும் பாலிஈத்தர் வகை, அமைடை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். சதுர மீட்டருக்கு 2 கிராம் பசை பூசி, அது தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு அமைடை ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொண்டாலே 20 மில்லிகிராம் ஆகிறது. 600 பிபிஎம் உள்ள 25 மைக்ரான் படலத்தின் மொத்த இருப்பே 14 மில்லிகிராமுக்கும் குறைவு.

பிரித்தறியும் சோதனைக்குச் செலவே இல்லை. லேமினேஷனுக்குப் போகும் ரோலிலிருந்து ஒட்டாத படலத்தில் ஒரு மீட்டர் வெட்டி, சுருட்டி, ஒட்டிய ரோலுக்குப் பக்கத்திலேயே அதே க்யூரிங் அறையில் அதே நேரம் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் இரண்டையும் அளந்தால், இரண்டிலும் உராய்வு ஏறியிருப்பின் வெப்பம்தான் காரணம்; ஒட்டியதில் மட்டும் ஏறியிருப்பின் பசைதான் காரணம். பிறகு இரண்டையும் சாதாரண அறை வெப்பத்தில் மூன்று நான்கு நாள் வைத்து மறுபடி அளக்க வேண்டும். வெப்பத்தால் உள்ளே போனது பெரும்பாலும் திரும்பி மேலே வரும். பசை உறிஞ்சியது வராது.

வெப்பமே காரணமானால் க்யூரிங் அறையை 35 முதல் 40 டிகிரிக்குள் வைத்து நேரத்தை நீட்டிப்பதும், பேக்கிங்குக்கு முன் ரோலைச் சில நாள் ஓய்வாக வைப்பதும் போதும். பசை காரணமானால் பாலியெஸ்டர் வகைப் பசைக்கு மாறுவது, பூச்சு எடையைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் கட்டுப்படுத்துவது, உள் அடுக்கில் ஆன்டிபிளாக் (படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும்) துகளைக் கூட்டி உராய்வின் ஒரு பகுதியை இடம்பெயராத பொருளின் மீது சுமத்துவது ஆகியவை வழிகள். இவை போதாதபோது உயர் மூலக்கூறு எடைச் சிலிக்கோன் போன்ற, பரப்புக்கும் உள்ளுக்கும் அலையாத ஸ்லிப்பைச் சீலிங் அடுக்கில் மட்டும் பயன்படுத்தலாம். விலை கூடுதல்தான், ஆனால் ஒட்டும் முன்பும் பின்பும் எண் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

எருக்கமைடைக் கூட்டுவதை இங்கே நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். ஒருமுறை அப்படிக் கூட்டிய படலத்தின் ஒரு பகுதி லேமினேஷனுக்குப் போகாமல் தனிப் படலமாகவே வேறொரு வேலைக்குப் போயிற்று. அங்கே அது அளவுக்கு மீறி வழுக்கி, ரோலே பக்கவாட்டில் சரிந்து கூம்பாக நின்றது. அதைத் திரும்பச் சுற்ற ஒரு முழு ஷிஃப்ட் ஆயிற்று.

அறிகுறி: ஊதிய அன்றே படலம் வழுக்கவில்லை

காத்திருங்கள். எருக்கமைடு மேலே வந்து நிலைபெற 24 முதல் 48 மணி நேரம் ஆகும். குளிர்ந்த கிடங்கில் இன்னும் தாமதமாகும். ஓலியமைடு 18 கார்பன் கொண்டது, எருக்கமைடு 22 கார்பன் கொண்டது. சிறியது விரைவாக மேலே வரும். அன்றைக்கே பை வெட்டும் வேலையாக இருந்தால் ஓலியமைடு பொருத்தம். சேமித்து வைத்து ஓட்டும் வேலையாகவோ, உருகு வெப்பம் அதிகமான வேலையாகவோ இருந்தால் எருக்கமைடு நல்லது. அது ஆவியாவதும் குறைவு, இறுதியில் தரும் உராய்வும் குறைவு.

48 மணி நேரத்துக்குப் பிறகும் எண் இறங்காவிட்டால், அளவை மாற்றும் முன் வெள்ளை மாஸ்டர்பேட்ச்சையும் டால்க்கையும் சந்தேகிக்க வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடு, கால்சியம் கார்பனேட், டால்க், கார்பன் பிளாக் போன்ற துகள்கள் அமைடையும் ஆன்டிஸ்டாட்டிக்கையும் தங்கள் பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியவை. நிறமற்ற படலத்துக்குச் சரியாக இருந்த அளவு வெள்ளைப் படலத்துக்குப் போதாமல் போவது இதனால்தான்.

அறிகுறி: ஒரே அடுக்கில் மட்டும் ஸ்லிப் போட்டும் மறுபக்கம் வழுக்குகிறது; அல்லது போட்ட பக்கமே வழுக்கவில்லை

உள் அடுக்குக்கான எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எந்திரம்) மட்டும் ஸ்லிப்பைப் போட்டுவிட்டால் அது அங்கேயே தங்கும் என்ற நம்பிக்கை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பாலிஎத்திலீனுக்கும் பாலிஎத்திலீனுக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. படிகப் பகுதிக்குள் அமைடு நுழையாது; படிகமற்ற பகுதி வழியே எந்த அடுக்கையும் கடந்து போகும். 10, 30, 10 மைக்ரான் என்று அமைந்த படலத்தில் உள்பக்க 10 மைக்ரானில் 1500 பிபிஎம் போட்டால், சில நாளில் அது 50 மைக்ரானுக்கும் பரவி ஏறத்தாழ 300 பிபிஎம் படலம்போல் நடந்துகொள்ளும். போட்ட பக்கம் எதிர்பார்த்த அளவு வழுக்காததும், போடாத பக்கத்தில் டைன் (மையும் பசையும் பிடிக்குமா என்பதைக் காட்டும் பரப்பு ஆற்றல் எண்) இறங்குவதும் இந்த ஒரே பரவலின் இரு முகங்கள். ஆகவே ஸ்லிப் அளவை அடுக்குக்கு எழுதாமல் மொத்தத் தடிமனுக்குக் கணக்கிட்டு எழுதும் பழக்கம் நல்லது.

நடுவில் நைலான் அல்லது இவிஓஎச் (EVOH, வாயுவைத் தடுக்கும் பிளாஸ்டிக்) அடுக்கு இருந்தால் நிலைமை மாறும். அந்த முனைவுள்ள அடுக்குகளை அமைடு எளிதில் கடக்காது. அங்கே இரு பக்கங்களும் தனித்தனிக் கிடங்குகள். ஐந்து அடுக்குப் படலத்தின் உள்பக்கச் செய்முறையை அப்படியே எடுத்து மூன்று அடுக்குப் படலத்துக்குப் போடுவதும், இதைத் திருப்பிச் செய்வதும் தவறாகிப் போவதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு வழியையும் மறக்கக் கூடாது. ரோலாகச் சுற்றியதும் உள்பக்கம் வெளிப்பக்கத்தின் மேல் அழுத்தமாகப் படிகிறது. அந்தத் தொடுகையிலேயே ஸ்லிப் மறுபக்கத்துக்குப் படிந்து மாறுகிறது. நைலான் நடுவில் இருந்தாலும் இது நடக்கும்.

அறிகுறி: கரோனா கொடுத்தபோது 40 டைன் இருந்தது, மூன்று வாரத்தில் 34 ஆகிவிட்டது, மை உரிகிறது

ட்ரீட்மென்ட் கொடுக்காத பாலிஎத்திலீன் 30 முதல் 32 டைன் காட்டும். கரைப்பான் மைக்கு 38 டைனாவது வேண்டும். நீரை அடிப்படையாகக் கொண்ட மைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். இந்த எண் இறங்கியிருந்தால், கரோனாவே தேய்ந்துவிட்டதா, கரோனா இருந்தும் அதன் மேல் ஸ்லிப்போ ஆன்டிஸ்டாட்டிக்கோ போர்வையாகப் படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுத்தமான வெள்ளைத் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, படலத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே திசையில் ஒருமுறை துடைத்து, உலர விட்டு, துடைத்த இடத்திலும் துடைக்காத இடத்திலும் டைன் பேனாவால் அடுத்தடுத்துக் கோடிட்டுப் பார்க்கலாம். துடைத்த இடத்தில் கோடு உடையாமல் இரண்டு நொடி நின்று, துடைக்காத இடத்தில் முத்து முத்தாகச் சுருங்கினால் மேலே போர்வை இருக்கிறது என்று பொருள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி சுருங்கினால் கரோனா குறைவாகவே கொடுக்கப்பட்டது அல்லது தேய்ந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: அளவுக்கு மீறிக் கரோனா கொடுத்த படலத்தில் பரப்பு சிதைந்து, எளிதில் கரையும் ஆக்சிகரணத் துணுக்குகள் உண்டாகியிருக்கும். துடைக்கும்போது அவையும் போய்விடுவதால் டைன் ஏறுவதற்குப் பதில் இறங்கும். அப்படி இறங்கினால் கரோனா மின்திறனைக் குறைக்கத்தான் வேண்டும். கூட்டினால் மை அந்தத் தளர்ந்த துணுக்குகளோடு சேர்ந்தே உரிந்து வரும்.

அச்சு மெஷினில் இரண்டாம் முறை கரோனா கொடுத்துச் சில டைன்களை மீட்கலாம். ஊதும்போது ஒழுங்காக ட்ரீட்மென்ட் ஆன படலத்துக்கு மட்டுமே அது பலன் தரும். ஊதும்போது விட்டுவிட்டு, ஸ்லிப் பூத்த பிறகு முதன்முறையாகக் கொடுக்கப்படும் கரோனா பெரும்பகுதியும் ஸ்லிப்பின் மேல்தான் விழுகிறது.

அறிகுறி: ஆய்வகத்தில் ஆன்டிஸ்டாட்டிக் தேறுகிறது, மெஷினில் பொடி ஒட்டுகிறது

மிளகாய்ப் பொடி உறையில் இதைக் கண்ணால் காணலாம். நிரப்பும் குழாயின் வாய்க்கு எதிரே, சீல் விழ வேண்டிய பட்டையின் உள்பக்கத்தில், மயிரிழை அகலத்துக்குச் செம்பொடி வரிசையாக ஏறி நிற்கும். விரலால் தட்டினாலும் விழாது. அதன் மேலேயே சீல் போடும் தாடை இறங்குவதால் சீல் கசியும்.

கிளிசரால் மோனோஸ்டியரேட்டும் எத்தாக்சிலேட்டட் அமீன் வகைகளும் தாங்களாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை. பரப்புக்கு வந்து காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து, அந்த மெல்லிய ஈரப்படலத்தின் வழியே ஏற்றத்தை ஒழுகச் செய்கின்றன. ஈரமில்லாவிட்டால் அவை வெறும் மெழுகு. சேர்க்கை எதுவும் இல்லாத பாலிஎத்திலீனின் பரப்பு மின்தடை 10¹⁴ ஓமுக்கும் மேல். நன்கு வேலை செய்யும் படலத்தில் அது 10¹⁰ அல்லது 10¹¹ ஓம் அளவுக்கு இறங்கும். ஆய்வகம் 23 டிகிரியிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் அளக்கிறது. சென்னையில் ஊதி, சென்னையிலேயே அளந்து, மே மாதத்தில் ஜோத்பூருக்கு அனுப்பிய ரோல் அங்கே பிற்பகலில் 20 சதவீத ஈரப்பதத்தைச் சந்திக்கும்போது சான்றிதழ் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. இங்கேயேகூட, குளிரூட்டிய பேக்கிங் அறைக்குள்ளும் ஓசூரின் மார்ச் மாதப் பகலிலும் இதே கதைதான். ஆகவே ஒரு துண்டை வாடிக்கையாளரின் ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைத்து அளந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஈரமூட்டிய சிலிக்கா ஜெல் பெட்டியும் மலிவான ஈரப்பதமானியும் இதற்குப் போதும்.

ஈரப்பதம் சரியாக இருந்தும் எண் மோசமானால், ஸ்லிப்போடு நடக்கும் போட்டியைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பரப்பில் இடம் தேடுகின்றன. அமைடு முந்திக்கொண்டு அடர்த்தியாகப் படர்ந்தால், அதன் நீண்ட கார்பன் வால்கள் ஈரத்தை விலக்கும் பரப்பை உண்டாக்கும். ஸ்லிப்பைக் குறைத்ததும் ஆன்டிஸ்டாட்டிக் தேறிய படலங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆன்டிஸ்டாட்டிக்கைத் தொடவே தேவைப்படவில்லை.

மூன்றாவது சாத்தியம், அளக்கும் பக்கமே தவறு. பாலிஎத்திலீன் அடுக்கில் போட்ட ஆன்டிஸ்டாட்டிக் பெட் படலத்தைத் துளைத்து அதன் வெளிமுகத்துக்கு வராது. உறையின் வெளிமுகம் காலரில் உரசி ஏற்றம் பெறுகிறதென்றால், உள்ளே எவ்வளவு போட்டும் பயனில்லை. மேலும் கிளிசரால் மோனோஸ்டியரேட்டின் ஹைட்ராக்சில் தொகுதிகள் பசையை இறுகச் செய்யும் ஐசோசயனேட்டோடு வினைபுரியக்கூடியவை; எத்தாக்சிலேட்டட் அமீன் அதே பசையின் வினையை விரைவுபடுத்தும். ஒட்டும் வலிமை குறைந்து படலங்கள் கையாலேயே பிரிவதாகப் புகார் வந்தால், அண்மையில் யார் ஆன்டிஸ்டாட்டிக்கைக் கூட்டினார்கள் என்று கேட்பது என் முதல் கேள்வி.

வறண்ட இடத்துக்கே போக வேண்டிய படலமானால், பாலிஈத்தர் தொகுதி கொண்ட நிலையான ஆன்டிஸ்டாட்டிக்கே நம்பத்தக்கது. அது இடம்பெயராது, அடுக்குக்குள் வலைபோலத் தொடர்ந்து நின்று கடத்தும். வலை அறுபடாமல் இருக்கப் பிபிஎம் கணக்கில் போட்டால் போதாது, நூற்றில் பல பங்கு போட வேண்டும். அதனால் மெல்லிய வெளியடுக்கில் மட்டும் போடுவதே சிக்கனம்.

அறிகுறி: நிலைமின்சார மீட்டர் பூச்சியம் காட்டுகிறது, ஆனால் படலம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது

இதில் பலர் மீட்டரைப் பழுதுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதலில் எங்கே அளந்தீர்கள் என்று பார்க்க வேண்டும். எர்த் செய்யப்பட்ட உலோக ரோலரின் மேல் படலம் படிந்திருக்கும்போது ஏற்றத்தின் புலம் உலோகத்தை நோக்கியே திரும்பிவிடுவதால் மீட்டருக்கு எதுவும் தெரியாது. இரண்டு ரோலர்களுக்கு நடுவே படலம் அந்தரத்தில் ஓடும் இடத்தில், மீட்டர் கேட்கும் தொலைவில், பெரும்பாலும் 25 மில்லிமீட்டரில், பிடிக்க வேண்டும். ரோல் பிரியும் அன்வைண்டரிலிருந்து மீண்டும் சுற்றப்படும் ரீவைண்டர் வரை நடந்து, ஒவ்வொரு ரோலருக்கும் முன்னும் பின்னும் எண்ணையும் கூட்டல், கழித்தல் குறியையும் எழுதிக்கொண்டு போனால், எங்கே எண் திடீரென்று தாவுகிறதோ அந்த இடமே மூலம். படலத்தை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் நிப் ரோலர், கரோனா நிலையம், ரோல் பிரியும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றாக அது இருப்பதே வழக்கம்.

சரியான இடத்தில் அளந்தும் பூச்சியம் என்றால், படலத்தின் ஒரு முகம் நேரேற்றமும் மறுமுகம் எதிரேற்றமும் கொண்டு நிற்கிறது. மீட்டர் இரண்டின் கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறது. ஒரு துண்டின் மேல் போட்டோகாப்பியர் டோனரை லேசாகத் தூவி ஊதிவிட்டால் இது வெளிப்படும்: ஏற்றம் உள்ள இடங்களில் தூள் கோடுகளாகவும் மரக்கிளைகளாகவும் நின்றுவிடும். கிளை விரிந்த வடிவம், அங்கே எப்போதோ மின்பொறி பாய்ந்தது என்பதற்குச் சாட்சி. தூள் பறக்கும் வேலை என்பதால் இதை மெஷினருகே செய்யாமல் தனி அறையில், முகமூடியோடு செய்வது நல்லது.

இந்த இரட்டை ஏற்றத்தைப் பெரும்பாலும் நாமே உண்டாக்குகிறோம். கீழ்முகம் ரப்பர் ரோலரில் உரசி ஏற்றம் பெற்றிருக்கும். அயனிப் பட்டை (அயனிகளைக் கொட்டி ஏற்றத்தை நீக்கும் கருவி), பொருத்த வசதியான இடம் என்று மேல்முகத்துக்கு எதிரே மாட்டப்பட்டிருக்கும். பட்டை எதிர்க்குறி அயனிகளை மேல்முகத்தில் கொட்டும்; கூட்டுத்தொகை பூச்சியமாகும்; மீட்டரும் மனமும் நிறையும். படலமோ இரண்டு முகங்களிலும் ஏற்றத்தைச் சுமந்தபடி ரோலுக்குள் போகும். இனி எந்தப் பட்டையாலும் அதை முழுமையாக எடுக்க முடியாது, ஏனெனில் அயனிகளை இழுக்கும் புலமே வெளியில் இல்லை. ஆகவே ஏற்றம் எந்த முகத்தில் உண்டாகிறதோ அந்த முகத்துக்கு எதிரே, உண்டான இடத்துக்கு உடனடி அடுத்த அந்தரப் பகுதியில் பட்டையைப் பொருத்த வேண்டும். ரோலருக்கு எதிரே பொருத்திய பட்டை மின்சாரத்தைத்தான் செலவழிக்கும். பட்டையின் ஊசிகளில் மைத்தூளும் மெழுகும் படிந்திருந்தால் அதன் திறன் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை, மின் இணைப்பைத் துண்டித்து, தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். ஏற்றத்தை நீக்கப் படலத்தருகே வைக்கும் கார்பன் தூரிகையும் டின்சல் (உலோக இழை) கயிறும் அதைச் சில கிலோவோல்ட்டுக்குக் கீழே இறக்க மாட்டா. அவற்றைப் பட்டைக்கு மாற்றாக எண்ணக் கூடாது.

ஓடும் படலத்தில் ஓரிரு கிலோவோல்ட் என்பது சிறிதாகத் தெரியலாம். ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது ரோலின் மேல் அது பல மடங்காகும். ரீவைண்டர் அருகே கை வைத்தவருக்கு அடிக்கும் ஷாக்கின் மூலம் அதுதான்.

அறிகுறி: அச்சின் விளிம்பில் மை மயிர்போல் இழுபடுகிறது

மையின் பாகுநிலையைத் திருத்தும் முன், அச்சு யூனிட்டுக்குள் நுழையும் அந்தரப் பகுதியில் ஏற்றத்தை அளந்து பாருங்கள். இழைகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டு, ஈரப்பதம் ஏறும் இரவு ஷிஃப்டில் தானாகக் குறைகிறதென்றால் அது நிலைமின்சாரம்தான். யூனிட்டுக்கு முன் ஒரு பட்டையை வைத்தால் தீரும்.

அறிகுறி: கரைப்பான் இருக்கும் இடத்தில் ஷாக் அடிக்கிறது, அல்லது இருட்டில் பொறி தெரிகிறது

மெஷினை நிறுத்த வேண்டும். சேர்க்கைப்பொருளைப் பற்றிப் பிறகு பேசலாம். எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானின் தீப்பற்று வெப்பநிலை (ஃப்ளாஷ் பாயின்ட்) பூச்சியத்துக்கும் கீழே இருக்கிறது. அதன் ஆவியும் காற்றும் கலந்த கலவை அரை மில்லிஜூலுக்கும் குறைவான பொறியில் பற்றிக்கொள்ளும், டொலுயீன் ஆவிக்கு அதில் பாதி போதும். எர்த் ஆகாத செருப்போடு நிற்கும் ஒருவர் 150 பிக்கோஃபாரட் மின்தேக்கி என்று கொண்டால், 10 கிலோவோல்ட்டில் அவர் உடலில் தேங்கும் ஆற்றல் 7.5 மில்லிஜூல். படலத்தை விடத் தனித்து நிற்கும் உலோகமும் தனித்து நிற்கும் மனிதரும் ஆபத்தானவர்கள், ஏனெனில் தேங்கிய அவ்வளவையும் ஒரே பொறியில் விட்டுவிடுவார்கள். எனவே கரைப்பான் இல்லாத நிலையில், ஒவ்வொரு ரோலருக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்தடையை அளக்க வேண்டும். 10⁶ ஓமைத் தாண்டிய எதையும் விடக் கூடாது. பேரிங்கில் கிரீஸ் நிறைந்த ஐட்லர் (மோட்டார் இல்லாமல் படலத்தோடு சுழலும்) ரோலர், பெயின்ட் அடித்த பிராக்கெட், பிளாஸ்டிக் சக்கரத்தில் நிற்கும் மை வாளி ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். அங்கே நிற்பவர்களின் செருப்பும் தரையும் சேர்ந்து 10⁸ ஓமுக்குள் இருக்க வேண்டும். படலத்தில் ஆன்டிஸ்டாட்டிக் இருக்கிறது என்பது இவற்றில் எதற்கும் ஈடாகாது.

அறிகுறி: ரோலர்களிலும் காலரிலும் வெள்ளைப் பொடி படிகிறது, சீல் வலுவிழக்கிறது

பொடியைக் கறுப்புத் துணியில் வழித்து எடுத்து, சுத்தமான இரும்புத் தகட்டில் வைத்து மெதுவாகச் சூடாக்கினால் பாதி விடை கிடைக்கும். 80 டிகிரியை ஒட்டி உருகித் தெளிந்தால் எருக்கமைடு. உருகாமல் பொடியாகவே நின்றால் ஆன்டிபிளாக் துகள். இன்ஃப்ராரெட் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், 1645 cm⁻¹-ஐ ஒட்டிய பட்டை அமைடையும் 1740 cm⁻¹-ஐ ஒட்டிய பட்டை எஸ்டரையும் (கிளிசரால் மோனோஸ்டியரேட் போன்றவை) காட்டும். ஆனால் அடுக்கில் இவிஏ (எத்திலீன் வினைல் அசிட்டேட்) இருந்தால் இரண்டாவது பட்டையை நம்ப வேண்டாம், அதுவும் அங்கேயே விழும்.

அமைடு என்று தெரிந்தால் மட்டுமே அளவைக் குறைக்க வேண்டும். அதையும் ஒரே நாளில் பாதியாக்காமல் 100 பிபிஎம் வீதம் இறக்கி, ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் விட்டு, உராய்வு, டைன், சீல் வலிமை ஆகிய மூன்றையும் ஒரே துண்டிலிருந்து அளந்து, ரோல் சீட்டில் ஏற்கெனவே குறித்த வயது, பக்கம், ஈரப்பதம் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். ஆன்டிபிளாக் துகள் என்றால் அமைடைத் தொடவே கூடாது. உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் டை உதடுகளையும் மாஸ்டர்பேட்ச்சின் கலவை ஒழுங்கையும் பார்க்க வேண்டும்.